பச்சை உடம்பு தேறும் காலம்: பிள்ளை பெற்ற பின் உடல் வலுவை மீட்பது எப்படி?

பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்பைப் 'பச்சை உடம்பு' என்பார்கள் நம் பாட்டிமார். அந்த உடம்பு தேறும் வரை பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடமாட்டார்கள். காயமும் பூண்டுக் குழம்பும் கொடுப்பார்கள். வயிற்றை இறுக்கித் துணி கட்டிவிடுவார்கள். முப்பது நாளோ நாற்பது நாளோ கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தால், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று வீடு நினைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தத் தாய்க்கு மட்டும் வேறு கதை தெரியும். இருமினால் சிறுநீர் கசிகிறது. வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம் போல நிற்கிறது. குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப் போகிறது. கண்ணாடியில் தெரியும் உடம்பு தன்னுடையதாகவே தோன்றுவதில்லை. யாரிடமாவது சொன்னால், "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்ற பதிலே கிடைக்கிறது. அதனால் பலர் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. வீட்டில், பாயில் படுத்தபடியே செய்யக் கூடிய எளிய பயிற்சிகளும் சரியான நேரத்தில் கேட்கும் உதவியும் போதும். உடம்புக்குள் என்ன நடக்கிறது, எந்த வாரத்தில் எதைத் தொடங்கலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை இங்கே வரிசையாகத் தந்திருக்கிறோம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

பிரசவம் முடிந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். அதன் மேல் விளிம்பைத் தொப்புள் அருகே கையால் உணரலாம். நாளுக்கு நாள் அது சுருங்கி, இரண்டு வாரத்திற்குள் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கிவிடும். ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் குறைந்து பழைய அளவுக்கு அருகில் வந்துவிடும். தாய்ப்பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி வருவது இந்தச் சுருக்கத்தால்தான். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு இந்த வலி கூடுதலாக இருக்கும்.

இரத்தப்போக்கு முதலில் சிவப்பாக வந்து, பிறகு பழுப்பாகி, பிறகு வெளிறி, நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். கர்ப்ப காலத்தில் மூட்டுகளையும் தசைநார்களையும் தளர்த்திய சுரப்பிகளின் தாக்கம் சில மாதங்கள் நீடிக்கும். அதனால்தான் இடுப்பு, முதுகு, மணிக்கட்டு வலி இந்தக் காலத்தில் எளிதில் வருகிறது.

இரண்டு இடங்களில் தசைகள் அதிகம் நீண்டு தளர்ந்திருக்கும். ஒன்று, வயிற்றின் முன்பக்கத் தசை. மற்றொன்று, இடுப்பெலும்பின் அடியில் தூளி கட்டியது போலக் கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கும் இடுப்புத் தளத் தசை. பச்சை உடம்பு தேறுவது என்றால், முக்கியமாக இந்த இரண்டும் வலு பெறுவதுதான்.

முதல் பத்து நாள்: படுத்தே கிடக்க வேண்டாம்

ஓய்வு தேவைதான். ஆனால் நாள் முழுவதும் அசையாமல் படுத்திருப்பது ஆபத்து. பிரசவத்திற்குப் பின் சில வாரங்களுக்கு இரத்தம் உறையும் தன்மை கூடுதலாக இருக்கும். கால் நரம்பில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். இதற்காகவே சிலருக்கு மருத்துவமனையில் ஊசி எழுதிக் கொடுத்து, வீட்டிலும் சில நாள்களுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

இந்த நாள்களில் செய்யக் கூடியவை:

- படுத்தபடியே இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் அசைத்தல், வட்டமாகச் சுழற்றுதல். விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் ஒரு நிமிடம் போதும்.
- வயிறு மெல்ல உயரும்படி மூச்சை உள்ளிழுத்து, நிதானமாக வெளிவிடுதல். ஐந்தாறு தடவை.
- வீட்டுக்குள்ளே மெதுவாக நடத்தல். கழிவறைக்கும் கூடத்திற்கும் நடப்பதே முதல் உடற்பயிற்சி.
- படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுதல். இது வயிற்றுத் தசையையும் தையலையும் காப்பாற்றும்.

வீட்டிற்கு வரும் தாதியரிடம் தையல், இரத்தப்போக்கு, மார்பு, கால் வீக்கம் எல்லாவற்றையும் காட்டுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத் தாதியர் முதல் சில வாரங்களில் பல தடவை வீடு தேடி வருவது இந்த நாட்டில் நீண்ட காலமாக உள்ள ஏற்பாடு. அம்மா வீட்டிற்கோ வேறு ஊருக்கோ போய்ப் பத்தியம் இருப்பவர்கள், அந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் தாதி பழைய முகவரிக்குப் போய் வெறும் வீட்டைப் பார்த்துத் திரும்புவார். கர்ப்ப காலப் பிங்க் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

யாரும் பேசாத தசை

இருமினால், தும்மினால், சிரித்தால், கனமான பொருளைத் தூக்கினால் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உண்டு. இவ்வளவு பேருக்கு இருந்தும் இதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போவதைத் தவிர்ப்பவர்களும், பேருந்துப் பயணத்திற்கு முன் தண்ணீர் குடிக்காமலே இருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இடுப்புத் தளத் தசையை முறையாகப் பயிற்றுவித்தால் பலருக்கு இது குறையும் அல்லது அறவே நிற்கும்.

பயிற்சி இதுதான். உட்கார்ந்தோ படுத்தோ இருங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போலவும் உள்ளே இறுக்கி மேலே தூக்குங்கள். தொடை, புட்டம், வயிறு எதையும் இறுக்கக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. முதலில் மூன்று வினாடி பிடித்து, மூன்று வினாடி தளர்த்துங்கள். நாளடைவில் எட்டு முதல் பத்து வினாடி வரை பிடிக்கப் பழகுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. கடைசியில் சில முறை வேகமாக இறுக்கி விடுங்கள். தும்மல் வரும் நேரத்தில் காப்பாற்றுவது இந்த வேகமான இறுக்கம்தான்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். அது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கும்.

சுகப்பிரசவமாக இருந்தால், வலியில்லை என்றால், அடுத்த சில நாள்களிலேயே இதைத் தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால், அதை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் போன பிறகு தொடங்குங்கள். அறுவைச் சிகிச்சையில் பெற்றவர்களும் செய்ய வேண்டும். ஒன்பது மாதம் கனத்தைத் தாங்கியது அவர்களுடைய தசையும்தான். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் செய்வது என்று பழகிக்கொண்டால் மறக்காது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கசிவு நிற்கவில்லை என்றால், வாயுவோ மலமோ அடக்க முடியவில்லை என்றால், அல்லது கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற பாரம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'அடி தள்ளிவிட்டது' என்று பாட்டிமார் சொன்னது இந்தக் கருப்பை இறக்கத்தைத்தான். தொடக்கத்திலேயே பார்த்தால் பிசியோதெராபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாலேயே பலருக்கு நல்ல பலன் கிடைக்கும்.

சுகாதார நிலையத்தில் மலாய் மொழியில் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்படுபவர்கள் உண்டு. "கென்சிங் தெர்கெலுவார் பிலா பாத்தோக்" என்று சொன்னால் போதும். இருமும்போது சிறுநீர் வந்துவிடுகிறது என்று பொருள். தாதிக்கு இது புதிய செய்தி அல்ல. பிசியோதெராபிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள்.

வயிறு ஏன் உள்ளே போகவில்லை?

வயிற்றின் முன்பக்கத்தில் இரண்டு நீளமான தசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கர்ப்பத்தில் அவை நடுவில் விலகிக் குழந்தைக்கு இடம் கொடுக்கும். பிரசவத்திற்குப் பின் முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் தானாகவே நெருங்கி வரும். சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். அவர்கள் எவ்வளவு மெலிந்தாலும் வயிறு முன்னால் தள்ளியே நிற்கும். முதுகு வலியும் சேர்ந்துகொள்ளலாம்.

எட்டாவது வாரத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வைத்து, தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகி, நடுவில் பள்ளம் தெரியும். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் இப்படியே பாருங்கள். பள்ளத்தில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் இயன்முறைச் சிகிச்சையாளரைப் பார்ப்பது நல்லது.

வயிறு குறைய வேண்டும் என்று அவசரப்பட்டு, படுத்து எழும் 'சிட்-அப்' பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. அது நடுவில் உள்ள இடைவெளியை மேலும் தள்ளக் கூடும். கீழேயுள்ள தளத் தசைக்கும் பாரம் ஏறும். அதற்குப் பதிலாக இவற்றைச் செய்யுங்கள்:

- ஒருக்களித்தோ மல்லாந்தோ படுத்து, மூச்சை வெளிவிடும்போது தொப்புளுக்குக் கீழே உள்ள வயிற்றை மெல்ல உள்ளே இழுத்து ஐந்து வினாடி பிடித்தல். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து முறை.
- முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, முதுகின் கீழ்ப்பகுதியைப் பாயோடு சேர்த்து அழுத்தி விடுதல். பத்து முறை.
- அதே நிலையில், சேர்த்து வைத்த முழங்கால்களை மெதுவாக இடமும் வலமும் சாய்த்தல்.

வயிற்றில் துணி கட்டுவது, மலாய்க்காரர்களின் பெங்கோங் கட்டுவது, கடையில் வாங்கும் பெல்ட் போடுவது எல்லாம் முதுகுக்கு ஆதரவாக இருக்கும். எழுந்து நடக்கத் தைரியம் தரும். ஆனால் தசைக்கு வலு தருவது கட்டு அல்ல, பயிற்சிதான். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே இறங்கித் தளத் தசையைத் தளர்த்தும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். அறுவைச் சிகிச்சைப் புண் மீது கட்டுவதற்கு முன் தாதியைக் கேளுங்கள்.

ஆப்பரேஷனில் பிள்ளை பெற்றவர்களுக்கு

வெளியே தெரியும் தையல் ஒன்றுதான். உள்ளே பல அடுக்குகளில் தையல் உண்டு. வெளித்தோல் பத்து நாளில் ஒட்டிவிட்டது போலத் தெரிந்தாலும், உள்ளே ஆற ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். பத்துக் கிலோ அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு, ஈரத் துணி நிறைந்த வாளி, மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடங்கும். மூத்த பிள்ளை தூக்கச் சொல்லி அழுதால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடிக்கு அழையுங்கள்.

இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு சிறு தலையணையைத் தையல் மீது அணைத்துக்கொண்டால் வலி குறையும். தையலைச் சுற்றி மரத்துப் போன உணர்வு பல மாதங்கள் இருக்கலாம். பயப்பட வேண்டியதில்லை. புண் முழுவதும் ஆறிய பின், ஆறு வாரம் கழித்து, தழும்பைச் சுற்றி விரலால் மெதுவாகத் தேய்த்து விடலாம். பலர் அந்தத் தழும்பைத் தொடவே தயங்குகிறார்கள். தொட்டுப் பழகினால் இறுக்கமும் குறையும், உடம்பு மீதான அச்சமும் குறையும்.

வயிற்றில் சூடான கல் வைப்பதும், கொதிக்கும் வேது நீரைப் புண் மீது ஊற்றுவதும் வேண்டாம். உணர்வு மரத்த தோல் சுட்டாலும் தெரியாது.

வாரம் வாரியாக

முதல் இரண்டு வாரம்: மூச்சுப் பயிற்சி, பாத அசைவு, இடுப்புத் தளப் பயிற்சி, வீட்டுக்குள் நடை.

மூன்று முதல் ஆறு வாரம்: லயத்து முற்றத்திலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ ஐந்து, பத்து நிமிட நடை. வெயிலுக்கு முன், காலை நேரம் நல்லது. சில நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கூட்டலாம். மேற்சொன்ன வயிற்றுப் பயிற்சிகளையும் சேர்க்கலாம். நின்றுபோன இரத்தப்போக்கு நடந்த பிறகு மறுபடி சிவப்பாக வந்தால், உடம்பு 'அதிகம்' என்று சொல்கிறது. இரண்டு நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம்: மருத்துவப் பரிசோதனை முடிந்த பின் விறுவிறுப்பான நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல். இரத்தப்போக்கு நின்று ஒரு வாரம் ஆகி, புண் ஆறியிருந்தால் நீச்சல் குளத்திலும் இறங்கலாம்.

மூன்று மாதத்திற்குப் பின்: ஓட்டம், பூப்பந்து, சூம்பா போன்றவை. கசிவோ, கீழே பாரமோ, வலியோ இல்லாதவர்கள் மட்டும் சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும்.

பிள்ளை பெற்ற பெண்கள் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை எட்டுவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அரை மணியை மூன்று பத்து நிமிடமாகவும் பிரிக்கலாம். பயிற்சி செய்தால் பால் வற்றிவிடும் என்பது உண்மையல்ல. நடக்கப் போகும் முன் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காமல் இருக்கும்.

காயம், பத்தியம்: எதை வைப்பது, எதை விடுவது?

நம் பத்தியத்தில் நல்லவை நிறைய உண்டு. பூண்டு, மிளகு, இஞ்சி சேர்ந்த சூடான குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக் கீரை, நல்லெண்ணெய் தேய்த்து விடுவது, மற்றவர்கள் வேலை செய்யத் தாய் ஓய்வெடுப்பது எல்லாம் தாராளமாகத் தொடரலாம். மாற்ற வேண்டியவை சில:

- தண்ணீரைக் குறைக்க வேண்டாம். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்பதற்கு ஆதாரமில்லை. குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும். முக்கி மலம் கழிப்பது தையலுக்கும் தளத் தசைக்கும் கெடுதல்.
- காய், பழங்களை ஒதுக்க வேண்டாம். வெறும் சோறும் வறுத்த கருவாடும் போதாது.
- தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. முதல் ஆறு வாரத்தில் பட்டினி, உணவுக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். அதன் பிறகு வாரத்திற்கு அரை கிலோ அளவில் மெல்லக் குறைவதே நல்லது.
- காயத்தில் கருப்பட்டியும் சர்க்கரையும் அதிகம். கர்ப்பத்தில் நீரிழிவு இருந்தவர்கள் அளவைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.
- உடம்பு சூட்டுக்கு என்று பிராண்டி கொடுக்கும் பழைய வழக்கம் வேண்டாம். மது தாய்ப்பாலில் கலக்கும்.
- ஜாமு, இடை குறைக்கும் பொடி, காப்பி போன்றவற்றை வாங்கும்போது கவனம் தேவை. பதிவு பெற்ற மருந்துகளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். எண் இல்லாததைச் சமூக ஊடகத்தில் எவ்வளவு புகழ்ந்தாலும் தொடாதீர்கள்.
- இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எப்போதும் களைப்பு, படபடப்பு என்றால் இரத்தச் சோகை இருக்கலாம். சோதித்துப் பாருங்கள்.

சர்க்கரையை மறக்காதீர்கள்

இந்த நாட்டில் நீரிழிவு அதிகம் தாக்கியுள்ள சமூகம் நம்முடையது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்து, பிள்ளை பிறந்ததும் குறைந்துவிட்டால், பலர் அத்தோடு மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில், சர்க்கரைத் தண்ணீர் குடித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள். முடிவு நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பது நல்லது. நடைப் பயிற்சி இவர்களுக்கு அழகுக்காக மட்டும் அல்ல.

தாம்பத்தியம், அடுத்த பிள்ளை

இதற்கு நாள் கணக்கு கிடையாது. இரத்தப்போக்கு நின்று, புண் ஆறி, மனத்திலும் விருப்பம் இருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் வறட்சி இருப்பது இயல்பு. வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். மாதவிடாய் வராவிட்டாலும் கரு தங்கக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த கர்ப்பத்திற்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி இருந்தால் உடம்பு முழுதாகத் தேறும். சுகாதார நிலையத்தில் இதற்கான ஆலோசனை கிடைக்கும்.

மனமும் உடம்பின் ஒரு பகுதி

பிரசவமாகி மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரலாம். இரண்டு வாரத்தில் அது தணிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சோகம், குழந்தை மீது ஒட்டாமை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை, 'நான் நல்ல தாய் இல்லை' என்ற எண்ணம் நீடித்தால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இத்தகைய மனநலச் சிக்கலுக்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றுவிடாமல், சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

வேலைக்குத் திரும்பும்போது

ஒரு காலத்தில் நம் தோட்டத்துப் பெண்கள் ஒரு மாதத்துப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடியும் முன் பால்வெட்டப் போனார்கள். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்தார்கள். "நாங்களெல்லாம் என்ன உடற்பயிற்சியா செய்தோம்?" என்று பாட்டிமார் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களில் எத்தனை பேர் முதுகு வலியையும் அடி இறக்கத்தையும் வெளியே சொல்லாமல் சுமந்தார்கள் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று சட்டம் சற்றுக் கைகொடுக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வேலைச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. திருமணமான ஆண் ஊழியர், அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருந்தால், ஏழு நாள் தந்தையர் விடுப்பு பெறலாம். நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

98 நாள் என்பது பதினான்கு வாரம். மேலே சொன்ன பயிற்சி அட்டவணைக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். விடுப்பின் கடைசி இரண்டு வாரத்தில், வேலையில் செய்யப்போகும் அசைவுகளை வீட்டிலேயே பழகுங்கள். தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்கள் நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர்கள் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியப் பழகுங்கள். கனத்தைத் தூக்கும் முன் தளத் தசையை இறுக்கி, மூச்சை வெளிவிட்டுக்கொண்டே தூக்குங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்கும் வேலையிலிருந்து மாற்றித் தரும்படி கிராணியிடம் கேட்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- ஒரு மணி நேரத்திற்குள் ஓர் அணையாடை முழுவதும் நனையும் இரத்தப்போக்கு, அல்லது பெரிய இரத்தக் கட்டிகள்
- 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், துர்நாற்றமுள்ள போக்கு
- தையல் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல்
- ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு
- நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல்
- கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு. இரத்த அழுத்தம் பிரசவத்திற்குப் பின்னும் ஆறு வாரம் வரை ஏறக் கூடும்.
- தன்னையோ குழந்தையையோ வருத்திக்கொள்ளும் எண்ணம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பத்தியத்தில் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது. அவசர எண் 999.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மேலே சொன்ன பயிற்சிகளுக்கு நாளைக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் பல தாய்மார்களுக்குக் கிடைப்பதில்லை. கணவர் அந்த நேரத்தில் குழந்தையை ஏந்திக்கொண்டால், மாமியார் "பச்சை உடம்புக்காரி ஏன் நடக்கிறாள்?" என்று கேட்பதற்குப் பதிலாகக் கூடவே நடந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. துணி வாளியையும் அரிசி மூட்டையையும் ஆறு வாரத்திற்கு வேறு யாராவது தூக்கட்டும்.

தாய்மார்களே, ஒன்பது மாதத்தில் மாறிய உடம்பு ஒன்பது வாரத்தில் திரும்ப வேண்டும் என்று எண்ண வேண்டாம். திருமணப் படத்தில் இருந்த உடம்பு அப்படியே திரும்பாமலும் போகலாம். வலியில்லாமல் பிள்ளையைத் தூக்க முடிகிறதா, கவலையில்லாமல் இருமவும் சிரிக்கவும் முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், பிள்ளைக்கு எத்தனை வயது ஆகியிருந்தாலும் இன்றே இடுப்புத் தளப் பயிற்சியைத் தொடங்கலாம். அடுத்த முறை சுகாதார நிலையத்திற்குப் போகும்போது, பிள்ளையின் தடுப்பூசியோடு உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்.